எரிந்துபோன காருக்கு எங்கே போய் அளவெடுப்பது?

கேள்வி:

கோவையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுப்பவன் நான். வேலை முடிந்த பிறகு வீட்டு மாடியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சிறிய அளவில் செய்வது பழக்கம். கிட் வாங்கி ஒட்டுவதில்லை. தகட்டைத் தட்டி, மரத்தைச் செதுக்கி எல்லாம் நானே. இப்போது 1:12 அளவில் லம்போர்கினி மியூரா ஜோட்டாவைக் கையில் எடுத்திருக்கிறேன். உலகத்திலேயே ஒன்றுதான் செய்தார்கள், அதுவும் எரிந்துபோனது என்று தெரியும். மூன்று வருடமாகச் சேர்த்ததில் 140 படங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு படத்தில் இருக்கும் காற்றுத் துளை அடுத்த படத்தில் இல்லை. எடையும் குதிரைத்திறனும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகின்றன. நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று இடங்களுக்கு எழுதிப் பார்த்தேன். ஒரு வரி நன்றியோடு முடித்துவிட்டார்கள். எது சரியான ஜோட்டா? அதன் விவரங்களை எங்கே தேடுவது? படத்திலிருந்து அளவெடுப்பது எப்படி?

பதில்:

நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு ராத்திரி மேசையில் பரப்பிப் பார்த்தேன். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் 140 படங்களில் ஜோட்டா இருப்பது 11-ல்தான். மற்றவை எல்லாம் அதன் பங்காளிகள், அல்லது அதன் பெயரைச் சொல்லிப் பிழைப்பவை.

பழைய கார்களை வாங்குகிறவர்களுக்கு அவற்றின் பூர்வீகத்தைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். நான் பார்த்தவரை விவரம் அடியோடு தொலைந்துபோவது குறைவு. பக்கத்து வண்டியின் விவரத்தோடு கலந்துபோவதுதான் அதிகம். உங்கள் காற்றுத் துளைக் குழப்பமும் அந்த வகைதான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லம்போர்கினியின் டெஸ்ட் டிரைவராக இருந்த நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், 1970-இல் மியூராவை அடிப்படையாக வைத்து ஒரு சோதனை வண்டி கட்டினார். சர்வதேச மோட்டார் பந்தய விதிகளில் ‘ஜே’ என்ற பிற்சேர்க்கை உண்டு. அதற்கு ஏற்ப அமைத்த வண்டி என்பதால் அந்த எழுத்தின் ஸ்பானியப் பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. எஃகுத் தகடு இருந்த பல இடங்களில் அவியோனல் என்ற அலுமினியக் கலவை வந்தது. நம் பட்டறை மொழியில் டியூராலுமின் ஜாதி. கதவுக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். எழும்பி அமரும் முன்விளக்குகள் போய், மூடிக்குள் நிலையாகப் பதித்த விளக்குகள் வந்தன. மியூராவில் பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகி, வேகத்தில் முன்பக்கம் தூக்கும். வாலஸ் அதை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய டேங்க் வைத்தார். ஆக மொத்தம் சுமார் 360 கிலோ குறைந்தது. சோதனை எல்லாம் முடிந்து வண்டியைத் தனியாருக்கு விற்றார்கள். 1971 ஏப்ரலில், இத்தாலியின் பிரேசியா நகரத்தைச் சுற்றி அப்போது போட்டுக்கொண்டிருந்த, இன்னும் திறக்காத வட்டச் சாலையில் மோதி எரிந்துபோனது. சேஸிஸ் எண் 5084.

அது எரிந்த பிறகுதான் அதன் மேல் ஆசை கூடியது. பணக்கார வாடிக்கையாளர்கள் அதே போல வேண்டும் என்று கேட்க, சில மியூராக்களை மாற்றி எஸ்.வி.ஜே. என்ற பெயரில் கொடுத்தார்கள். அதற்குப் பின் தனியார் பட்டறைகள் செய்த நகல்கள். இவை எல்லாமே படத்தின் அடியில் ‘ஜோட்டா’ என்றுதான் பெயர் வாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை ஒவ்வொரு இடத்தில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

நான் பிரித்த விதத்தில் வித்தை ஒன்றும் கிடையாது. 1971 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த படம் எதுவாக இருந்தாலும் அது ஜோட்டா அல்ல, அவ்வளவுதான். புல்வெளியில் நிற்கும் கார், பின்னால் கைப்பேசியோடு நாலு பேர் என்றால் ஒரு நொடியில் ஒதுக்கிவிடலாம். சந்தேகமான சிலவற்றில் பின்னணியில் நிற்கும் சாதாரண கார்களைப் பார்த்தேன். உங்கள் 63-ஆம் படத்தில் ஓரத்தில் பாதி தெரிகிறதே ஒரு ஃபியட், அது 131. அந்த மாடல் வெளிவந்ததே 1974-இல். படம் எடுத்தவர் கவனிக்காமல் விட்ட மூலையில்தான் தேதி ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, மீதி 11 படத்துக்கு வருவோம். அவையும் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தவில்லை என்பீர்கள். அங்கேதான் உங்கள் கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ‘எது சரியான ஜோட்டா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘எந்தத் தேதியில் எப்படி இருந்தது’ என்று கேளுங்கள். சோதனை வண்டி என்பது கட்டிக்கொண்டிருக்கும் வீடு மாதிரி. எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஜன்னல் இருக்கும். காலையில் ஓட்டிப் பார்ப்பார்கள், சூடு ஏறுகிறது என்றால் மத்தியானம் தகட்டில் ஓட்டை போடுவார்கள், அடுத்த வாரம் அந்த ஓட்டையை அடைத்து வேறு இடத்தில் வெட்டுவார்கள். யாரும் வரைபடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நல்ல சாட்சி அதே கம்பெனியின், அதே வாலஸ் ஓட்டிய இன்னொரு வண்டி: கவுன்டாஷ் எல்.பி.500. பெர்டோனி என்ற வடிவமைப்பு நிறுவனத்துக்காக மார்செல்லோ காண்டினி வரைந்தது. 1971 மார்ச் 11-ஆம் தேதி ஜெனீவா கண்காட்சியில் மஞ்சள் நிறத்தில், ஓட்டை உடைசல் இல்லாமல் வழவழவென்று நின்றது. சாலைக்கு வந்ததும் எஞ்சின் சூடு தாங்கவில்லை. பக்கவாட்டில் காற்று உள்ளே போக வழி வெட்டினார்கள், மேலே பெட்டி போல எழுப்பினார்கள். 1974-இல் இங்கிலாந்தின் மிரா சோதனைத் தளத்தில் சட்டப்படி தேவையான மோதல் சோதனைக்கு அதையே கொடுத்து நசுக்கியும் விட்டார்கள். இத்தனைக்கும் விற்பனைக்கு வந்த கவுன்டாஷின் அடிச்சட்டம் குழாய்களால் ஆனது, இந்த முதல் வண்டிக்கு இருந்தது தகட்டுத் தளம். ‘எல்.பி.500-க்குக் காற்றுப் பெட்டி உண்டா’ என்று கேட்டால் என்ன சொல்வது? ஜெனீவாவில் இல்லை, அப்புறம் உண்டு. இரண்டும் சரி.

அந்த வண்டியைத் திரும்பக் கட்டிய கதை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2017 கடைசியில் ஒரு சேகரிப்பாளர் கம்பெனியிடம் போய், அந்த முதல் கவுன்டாஷ் எனக்கு வேண்டும் என்று கேட்டார். பழைய வண்டிகளுக்காக லம்போர்கினி வைத்திருக்கும் போலோ ஸ்டோரிகோ என்ற பிரிவு வேலையை எடுத்துக்கொண்டது. 25,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 2021 அக்டோபரில் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா டெஸ்டே விழாவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அசல் வண்டியின் ஒரு ஆணிகூடக் கையில் இல்லை. எதை வைத்துக் கட்டினார்கள்? பழைய படங்கள், சில வரைபடங்கள், அந்தக் காலக் கூட்டக் குறிப்புகள், அப்போது வேலை பார்த்தவர்களின் ஞாபகம். உடம்பின் வடிவத்துக்கு, கைவசம் இருந்த மிகப் பழைய எல்.பி.400-ஐ (விற்பனைக்கு வந்த முதல் கவுன்டாஷ் மாடல்) ஸ்கேன் செய்து ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதை அப்படியே காப்பி அடிக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் வேறு. வடிவம் திருப்தியாக வருவதற்கு மட்டும் 2,000 மணி நேரம் ஆனது. டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் வலி புரியும்.

இதில் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது வேறு. மஞ்சள் எப்படிக் கிடைத்தது தெரியுமா? பெயிண்ட் தயாரிக்கும் பி.பி.ஜி. நிறுவனத்தின் பழைய பதிவுகளிலிருந்து. ‘ஜாலோ ஃப்ளை ஸ்பெசாலே’ என்ற அந்த நிறத்தின் கலவையை அங்கே கண்டுபிடித்தார்கள். டயர் எப்படி? பிரெல்லியின் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலப் படங்களும் குறிப்புகளும் இருந்தன. அதை வைத்து சிந்துராட்டோ சி.என்.12 டயரை அதே தோற்றத்தில் மறுபடி செய்து கொடுத்தார்கள். கார் கம்பெனிக்கே தன் சொந்தக் காரின் விவரத்தைத் தேடி வெளியாளிடம் போக வேண்டியிருந்தது.

காரணம் எளிது. கார் செய்தவனுக்கு அது அன்றைய அவசரம். பொருள் கொடுத்தவனுக்கோ அது ஒரு ஆர்டர். பில் போட வேண்டும், அளவு எழுத வேண்டும், நாளைக்கு மறுபடி கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் தொழிற்சாலை ஏதோ ஒரு பம்பு கம்பெனிக்கு ஒரே ஒரு தடவை வார்த்துக் கொடுத்த சோதனை உறையின் பேட்டர்ன், பம்பு கம்பெனியில் இருக்குமா, உங்கள் பரணில் இருக்குமா? மியூராவின் சக்கரம் கம்பாக்னோலோ கம்பெனி செய்தது, கார்புரேட்டர் வெபர் கம்பெனி. ஜோட்டாவுக்கு அகலமான சக்கரம் போட்டார்கள் என்றால் அதை யாரோ தனியாக வார்த்திருக்க வேண்டும். நீங்கள் எழுத வேண்டிய கதவுகள் அங்கே இருக்கின்றன.

எழுதும்போது ஒரு கடிதத்துக்கு ஒரே கேள்வி. உங்கள் பழைய கடிதத்தின் நகலைப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், ‘ஜோட்டா பற்றிய எல்லா விவரங்களும் அனுப்பி உதவவும்’ என்று இருக்கிறது. அதற்கு ஒரு வரி நன்றி வந்ததே பெரிய விஷயம். காப்பகத்தில் இருப்பவர் அரை நாளில் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு ஆம், இல்லை என்று சொல்லும்படி கேளுங்கள். ‘1970-இல் மியூரா அளவில், வழக்கத்தைவிட அகலமான பின் சக்கரம் ஏதாவது வார்த்ததாக உங்கள் ஆர்டர் புத்தகத்தில் இருக்கிறதா’ என்பது கேள்வி. கூடவே உங்கள் படத்தில் ஒன்றை, நீங்கள் அளந்த அளவோடு சேர்த்து அனுப்புங்கள். வெறுங்கையோடு வருகிறவனுக்கும் ஏதோ கொண்டுவருகிறவனுக்கும் கதவு திறப்பதில் வித்தியாசம் உண்டு.

படத்திலிருந்து அளவெடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் சுருக்க அளவுகோலோடு (உலோகம் ஆறும்போது சுருங்குவதற்கு ஏற்ப அளவு கூட்டிப் போட்டது) பழகியவர், இது கஷ்டமாக இருக்காது. மியூராவின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களுக்கு நடுவிலான தூரம், 2,500 மி.மீ.; உங்கள் அளவில் 208.3. பக்கவாட்டுப் படத்தில் அதுதான் அளவுகோல். ஆனால் கார் நேர்ப்பக்கமாக நிற்கும் படம் பத்தில் ஒன்றுகூட இருக்காது, கொஞ்சம் திரும்பியே இருக்கும். அப்போது பின் சக்கரத்தின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 0.94 வந்தால், படத்தில் வீல்பேஸும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் குறுகியிருக்கும். முன் சக்கரத்தில் அளக்கக் கூடாது, ஸ்டியரிங் திரும்பியிருக்கலாம். தூரத்திலிருந்து எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு நன்றாக வரும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்ததற்கு வராது. இன்னொன்று, கதவின் தளத்தில் எடுத்த அளவுகோலைக் கொண்டுபோய்க் கூரையை அளக்காதீர்கள். கூரை உள்ளே தள்ளி இருக்கிறது, சிறிதாகத்தான் தெரியும்.

சக்கரத்தில் நிறையப் பேர் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது, நீங்களும் விழுந்திருக்கிறீர்கள். 15 அங்குல வீல் என்றால் 15 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் வெளி விளிம்பு அதைவிடப் பெரிது, சுமார் 415 மி.மீ. இருக்கும். நீங்கள் 381 என்று வைத்து 31.75-க்குக் கடைந்திருக்கிறீர்கள். வர வேண்டியது 34.6. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைவு. ‘வண்டி ஏனோ பொம்மை மாதிரி தெரிகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அது இதனால்தான்.

அளப்பதற்கு முன்னால் படம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் கார் அச்சுப் பக்கத்தின் உள்பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். உங்கள் 17-ஆம் படத்தில் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிறது. வாலஸ் வலது பக்க வண்டி கட்டவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் துளை உண்டா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டது ஒரே பக்கத்தைத்தான்.

நம்பர் பிளேட்டை நம்பி வண்டியை அடையாளம் காணவும் வேண்டாம். இத்தாலியில் ‘ப்ரோவா’ என்று போட்ட சோதனைப் பலகை உண்டு. நம்மூர் ஷோரூம்காரர்கள் டிரேடு சர்ட்டிபிகேட் எண்ணை மாட்டிக்கொண்டு வண்டி எடுத்துப் போகிறார்களே, அதே மாதிரி. காலையில் ஒரு காரில் தொங்கும், சாயங்காலம் இன்னொன்றில். சேஸிஸ் எண்ணே சில சமயம் அப்படித்தான். பந்தய அணிகள் எல்லை தாண்டும்போது சுங்கக் காகிதத்தில் என்ன எண் இருக்கிறதோ அந்தத் தகட்டைக் கையில் இருக்கும் வண்டியில் அறைந்துவிட்டுப் போன கதைகள் ஏராளம். இதனால் வந்த வழக்குகள்தான் எங்கள் தொழிலில் பாதி. ஃபெராரி 0846 என்று ஒரு வண்டி, 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அதே வருடம் லெ மான்ஸில் தீப்பிடித்தது, பிறகு உடைத்துப் போட்டுவிட்டோம் என்பது கம்பெனியின் நிலை. ஜிம் கிளிக்கன்ஹவுஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரோ, நகல் என்று சொல்லித் தான் வாங்கிய காரின் குழாய்ச் சட்டத்தில் பழைய எஞ்சின் தாங்கிகளின் தடங்களைக் காட்டி, இதுதான் அது என்று வாதாடுகிறார். கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. நான் இதில் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஆனால் வெல்டிங் தழும்பைத் தேடிப் போனாரே, அந்த முறை எனக்குப் பிடிக்கும்.

நிறம். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பந்தயக் காரின் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு, ‘கரும்பச்சை’ என்று அறிக்கை கொடுத்தேன். சாம்பலின் அழுத்தத்தைப் பார்த்து அவ்வளவு நிச்சயம் எனக்கு. சொந்தக்காரர் நம்பி, பழைய பெயிண்டைச் சுரண்டிப் பட்டி பார்த்து, பச்சை அடித்தும் விட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு கலர் ஸ்லைடு கிடைத்தது. கார் ரத்தச் சிவப்பு. சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும் என்பது பாலபாடம். அதற்கு நான் கட்டிய ஃபீஸ் அது.

கலர் படத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. கோடாக்ரோம் ஸ்லைடு இருட்டில் இருந்திருந்தால் ஐம்பது வருடம் ஆனாலும் நிறம் பெரிதாகக் கெடாது. அதே காலத்து கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதால் படம் முழுக்கச் சிவப்பேறி நிற்கும். நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் பார்த்தாலே தெரியும். அதனால் காரின் நிறத்தைப் பார்க்கும் முன் டயரைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்கின் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். டயர் கறுப்பாக இல்லாமல் மெரூன் அடித்தால், அந்த அளவு சிவப்பை முதலில் கழித்துவிட்டு அப்புறம் காருக்கு வாருங்கள். உங்கள் 11-இல் அச்சுப் பத்திரிகையிலிருந்து எடுத்தவற்றை நிறத்துக்காகத் தொடவே வேண்டாம்.

நிறைய நண்பர்கள் உங்களிடம், ‘தெரியாத பகுதியை எஸ்.வி.ஜே.யைப் பார்த்துச் செய்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள்’ என்பார்கள். செய்யாதீர்கள். கூடப் பிறந்த வண்டிகளே ஒன்றுபோல இருக்காது. ஷெல்பி டேடோனா கூப்பே என்ற அமெரிக்கப் பந்தயக் கார் மொத்தமே ஆறுதான். முதலாவது கலிஃபோர்னியாவில் உருவானது, மற்ற ஐந்துக்கு உடம்பு தட்டியது இத்தாலியின் மொடேனாவில். பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியும். அந்த முதல் வண்டி, சி.எஸ்.எக்ஸ்.2287, பல வருடம் எங்கே போனதென்றே தெரியாமல் இருந்து, 2001-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கிலிருந்து வெளியே வந்தது. இப்போது பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் புதுசு போல ஆக்காமல் அப்படியே விட்டதால்தான் அதற்கு மதிப்பு. 2014-இல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் வண்டியாக அதைத்தான் எழுதினார்கள்.

உயிரோடு இருக்கும் காரும் பொய் சொல்லும். ஜாகுவார் எக்ஸ்.ஜே.13 ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள். 1971 ஜனவரி 20 அன்று டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் ஓட்டும்போது அதே மிராவில் உருண்டது. அந்த இடத்துக்கும் சோதனை வண்டிகளுக்கும் ஏதோ ஜென்மப் பகை. மனிதர் தப்பினார், வண்டி நொறுங்கியது. பிறகு திரும்பக் கட்டினார்கள். இன்று இங்கிலாந்தின் கேடன் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்ப்பது அசலின் அச்சு நகல் அல்ல என்று ஜாகுவாரே ஒப்புக்கொள்கிறது. 1966-இல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் காரைப் பார்த்துப் பயனில்லை, விபத்துக்கு முந்தைய படத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து, மனிதர்கள். வாலஸ் 2013-இல் போய்விட்டார். லம்போர்கினியின் பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானி 2017, காண்டினி 2024. பெரிய பெயர்கள் போனாலும், தகடு தட்டியவர்களும் ஒயர் இழுத்தவர்களும் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் விதம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம், அவர் இளமையில் வேலை பார்த்த ஒற்றைப் பந்தயக் காரைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். பின் மூடியைத் தாங்கிப் பிடிக்கக் கம்பி இருந்ததா என்பது என் கேள்வி. ‘இருந்தது’ என்றார் உடனே. எழுதிக்கொண்டேன். பேச்சுவாக்கில், பிளக் எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டேன். நாற்காலியை விட்டு எழுந்தார், முதுகை வளைத்தார், இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி அப்படியே நிறுத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் இல்லாத ஸ்பானரைத் திருகினார். மூன்றாவது பிளக்கில் நின்று, தூக்கியிருந்த தன் இடது கையை அண்ணாந்து பார்த்தார். ‘கம்பி இல்லை’ என்றார். அதிலிருந்து நான் யாரிடமும் ‘இருந்ததா’ என்று கேட்பதில்லை. ‘எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள்’ என்றுதான் கேட்கிறேன்.

எடை, குதிரைத்திறன் முரண்பாட்டில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஜோட்டாவுக்கு 418 என்றும் 440 என்றும் போடுகிறார்கள். எஞ்சினை மேடையில் வைத்து அளந்ததா, எந்தத் தர முறைப்படி அளந்தது, எந்த மாதத்து எஞ்சின் என்பதைப் பொறுத்து அவ்வளவு ஏறி இறங்கும். எடையும் அப்படியே. 100 லிட்டர் பெட்ரோலே 74 கிலோ. உங்கள் மாடலில் இரண்டுமே தெரியப் போவதில்லை.

இனி செய்ய வேண்டியது. ஜோட்டா பந்தயத்துக்குப் போகவே இல்லை, எனவே பந்தய அனுமதிக்காகப் பதியும், அளவும் படமும் கொண்ட ஹோமோலோகேஷன் படிவத்தைத் தேடி அலைய வேண்டாம். (அடுத்த மாடலுக்கு உண்மையாகப் பந்தயத்தில் ஓடிய வண்டியை எடுத்தால், சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பழைய படிவங்கள் பெரிய புதையல்.) அமெரிக்காவின் புளோரிடாவில் நேபிள்ஸ் நகரில் இருக்கும் ரெவ்ஸ் நிறுவனத்தின் படத் தொகுப்பில் ஒரு முறை துழாவிப் பாருங்கள். கார் பெயரைப் போட்டுத் தேடாமல், 1970, மொடேனா, பொலோனியா என்று வருடத்தையும் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊரையும் போட்டுத் தேடுங்கள். பெயர் தப்பாக எழுதிய படங்கள் அப்போதுதான் சிக்கும்.

எனக்கு அதிக நம்பிக்கை இருக்கும் இடம் பிரேசியா. அது சும்மா ஓர் ஊர் அல்ல. 1927-இலிருந்து 1957 வரை மில்லே மில்லியா பந்தயம் புறப்பட்டதும் முடிந்ததும் அங்கேதான். கார் விபத்து என்றால் அந்த ஊர்ப் பத்திரிகைக்காரன் கேமராவோடு ஓடுவான். ‘ஜொர்னாலே தி பிரேசியா’ என்ற நாளிதழ் அப்போதே இருந்தது. ஊரின் குவெரினியானா நூலகத்தில் பழைய இதழ்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே எழுதிக் கேளுங்கள்; 1971 ஏப்ரல் மாதம் முழுக்க, உள்ளூர்ச் செய்திப் பக்கம் மட்டும் போதும். செய்தியில் பதிவெண் இருந்தால், இத்தாலியில் 1927-இலிருந்து இயங்கும் வாகன உரிமைப் பதிவேட்டில் அந்த எண்ணின் பழைய ஏட்டைக் கேட்கலாம். எரிந்த பின் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. தகடு எரிந்த வண்டியில்தான் உள்ளே டேங்கும் குழாயும் எங்கே ஓடின என்று தெரியும்.

அந்தப் பதில்கள் வருவதற்குள் நீங்கள் 11 படத்தையும் தேதி வரிசையில் அடுக்கிவிடுங்கள். என் கணக்கில் அவை மூன்று கட்டமாகப் பிரிகின்றன. 4, 9, 22 ஆகிய மூன்றும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்தவை. சுவரில் விழும் நிழல்கூட ஒன்றுதான். இடது பக்கம், முன்பக்கம், பின்பக்கம் மூன்றும் அதில் இருக்கின்றன. அந்த ஒரு நாளின் ஜோட்டாவைச் செய்யுங்கள். மற்ற எட்டிலிருந்து ஒரு ரிவெட்கூட எடுக்க வேண்டாம். வலது பக்கம் மட்டும்தான் குறை, அதற்குத்தான் பிரேசியா கடிதம்.

அதை ஆங்கிலத்தில் எழுதாதீர்கள், இத்தாலிய மொழியில் ஐந்து வரி போதும். எழுதியதை அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். சக்கரத்தை மட்டும் இன்றைக்கே மறுபடி கடைந்துவிடுங்கள்.